உடைந்த முன்பல்லும் ஸ்டெம் செல்லும்

(பெற்றோருக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஆற்றிய அறிவியல் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'விழுந்த பல் மறுபடி முளைக்கும். விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு' என்ற தலைப்பில் அடிக்கடி செய்தி வருகிறது. முன்பெல்லாம் அதை நாளிதழிலிருந்து கத்தரித்து எடுத்து வருவார்கள். இப்போது செல்போனில் காட்டுகிறார்கள். "டாக்டர், எங்க அம்மாவுக்குப் பல் எல்லாம் போயிடுச்சு. இதைச் செய்ய முடியுமா?" என்று கேட்கிறார்கள். ஆசையோடு கேட்பவர்களிடம் "இப்போதைக்கு முடியாதுங்க" என்று சொல்வது எனக்கு வருத்தம்தான்.

ஆனால் எட்டு வயதுப் பிள்ளை பள்ளி மைதானத்தில் விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டு வந்தால், இன்று நான் வேறு பதில் சொல்வேன். அந்தப் பல்லுக்குள் இருக்கும் சதை செத்துப் போயிருந்தாலும், பாதியில் நின்றுபோன வேர் மறுபடி வளர வாய்ப்பு இருக்கிறது என்று சொல்வேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால் எந்தப் பல் மருத்துவரும் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

இந்த இரண்டு பதில்களுக்கும் இடையில் இருப்பதுதான் இன்றைய என் பேச்சு. புதுப் பல்லை உண்டாக்குவது இன்னும் ஆய்வுக்கூடத்து வேலை. இருக்கிற பல்லின் உயிரைக் காப்பாற்றுவதில்தான் ஸ்டெம் செல் அறிவியல் நமக்கு மிக அருகில் வந்திருக்கிறது. பலரும் முதலாவதைப் பார்த்துக்கொண்டு இரண்டாவதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம் என்பது என் கவலை.

பல்லுக்குள் என்ன இருக்கிறது?

பல் என்றதும் வெள்ளையான, கெட்டியான ஒன்றுதான் நம் நினைவுக்கு வரும். அந்த வெளி ஓடு எனாமல். எடையில் சுமார் 96 சதவீதம் தாது உப்பு. நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். அதை உண்டாக்கிய செல்கள், பல் ஈறைப் பிளந்துகொண்டு வெளியே வரும்போதே அழிந்துவிடும். அதனால்தான் தேய்ந்த எனாமலும் உடைந்த எனாமலும் திரும்ப வளர்வதில்லை.

எனாமலுக்கு உள்ளே டென்டின். இதில் தாது சுமார் 70 சதவீதம். மீதி கொலாஜன் முதலிய புரதங்களும் நீரும். டென்டின் பார்வைக்கு எலும்பாகத் தெரிந்தாலும் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஓடுகின்றன; ஒரு சதுர மில்லிமீட்டரில் பல்லாயிரம். ஐஸ்கிரீம் கடித்தால் பல் கூசுவது இந்தக் குழாய்களுக்குள் இருக்கும் திரவம் அசைவதால்.

டென்டினுக்கும் உள்ளே, பல்லின் நட்டநடுவில், ஒரு சிறு அறையும் அதிலிருந்து வேர்நுனி வரை இறங்கும் மெல்லிய கால்வாயும் உண்டு. அங்கே இருப்பது பற்கூழ். ரத்தக் குழாய்களும் நரம்புகளும் கொண்ட இளஞ்சிவப்புச் சதை. வேறு காரணத்துக்காக எடுத்த ஒரு நல்ல பல்லைப் பிளந்து பார்த்தால் அது ஈரமான சிவப்பு இழையாகக் கையோடு வரும். வளர்ந்த ஒருவரின் ஒரு பல்லில் இருக்கும் பற்கூழ் சராசரியாக 0.02 மில்லி லிட்டர்தான். ஒரு சொட்டுத் தண்ணீரில் பாதிகூட இல்லை. முப்பத்திரண்டு பல்லையும் சேர்த்தாலும் ஒரு மில்லியைத் தொடாது.

இவ்வளவு சிறிய சதை எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள். வேரை நீளமாக வளர்ப்பது இது. வேரின் சுவரைத் தடிமனாக்குவது இது. சொத்தை உள்ளே இறங்கும்போது அதற்கு முன்னால் புது டென்டினைச் சுவராக எழுப்பித் தற்காத்துக்கொள்வதும் இதுதான். பற்கூழின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் ஓடன்டோபிளாஸ்ட் என்ற செல்கள்தான் டென்டினைக் கட்டுகின்றன. அந்தச் செல்கள் பெருகுவதில்லை. செத்தால் அந்த இடம் காலி. ஆனாலும் காயம் பட்ட பல்லில் புது டென்டின் உருவாவதைப் பல் மருத்துவர்கள் வெகுகாலமாகவே கண்டிருந்தார்கள். அப்படியானால் காலியான இடத்துக்கு யாரோ வந்து நிற்கிறார்கள். யார் அவர்கள் என்பதுதான் கேள்வி.

ஞானப்பல்லிலும் பால் பல்லிலும் கிடைத்த விடை

அந்தக் கேள்விக்கு விடை 2000-ஆம் ஆண்டு கிடைத்தது. அமெரிக்காவின் பெத்தெஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த ஸ்டான் கிரான்தோஸ், சொங்தாவோ ஷி ஆகியோரின் குழு, பெரியவர்களிடமிருந்து பிடுங்கி எறியப்படும் ஞானப்பற்களை எடுத்துக்கொண்டது. உள்ளிருந்த பற்கூழை நொதிகளால் கரைத்துச் செல்களைப் பிரித்து வளர்த்தது. பிறகு அவற்றைத் தாதுத்தூளோடு கலந்து, நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த எலிகளின் தோலுக்கு அடியில் வைத்தது. அங்கே டென்டினைப் போன்ற திசு உருவாகியிருந்தது. அதன் ஓரத்தில் ஓடன்டோபிளாஸ்ட்டை ஒத்த செல்கள் வரிசை கட்டி நின்றன. நடுவில் பற்கூழை ஒத்த சதை. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை அதே முறையில் வைத்துப் பார்த்தபோது எலும்புதான் உருவானது. பல்லிலிருந்து வந்த செல்லுக்குப் பல்லின் வேலை தெரிந்திருந்தது.

ஸ்டெம் செல் என்றால் என்ன என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளவும் வேண்டும். தேவைப்படும்போது வேலை செய்யும் வேறு செல்லாக மாறவும் வேண்டும். இரண்டும் முடிந்தால்தான் அது ஸ்டெம் செல். கருவில் இருக்கும் செல்கள் எதுவாகவும் மாறும். பற்கூழில் இருப்பவை அப்படி அல்ல. அவற்றுக்கு ஒரு எல்லை உண்டு. ஆனால் பல்லைப் பழுதுபார்க்க அந்த எல்லையே போதும்.

அடுத்து 2003. சொங்தாவோ ஷி குழந்தைகளுக்கான பல் மருத்துவரும்கூட. தன் மகளுக்கு விழுந்த பால் பல்லை உற்றுப் பார்த்தவர், அதற்குள் சிவப்பாகக் கொஞ்சம் சதை ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தார். ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோது அதிலும் உயிருள்ள ஸ்டெம் செல்கள் இருந்தன. பிறகு பல குழந்தைகளின் முன் பால் பற்களை ஆராய்ந்ததில், ஒரு பல்லுக்குச் சுமார் 12 முதல் 20 செல்கள்தான் கிடைத்தன. ஆனால் அவை ஞானப்பல் செல்களைவிட வேகமாகப் பெருகின. நம் வீடுகளில் கூரைமேல் வீசிவிட்டு மறந்துபோகும் பால் பல்லுக்குள் இப்படி ஒன்று இருக்கிறது என்று உலகம் அறிந்தது அப்போதுதான்.

அதைத் தொடர்ந்து, பல்லையும் தாடை எலும்பையும் பிணைக்கும் நார்த்திசுவில் 2004-இலும், வளர்ந்துகொண்டிருக்கும் வேரின் நுனியில் 2006-இலும் ஸ்டெம் செல்கள் கண்டறியப்பட்டன. வேர்நுனியில் இருப்பவைதான் இன்றைய பேச்சுக்கு முக்கியம். சிறுபிள்ளைகளின் பல்லில், பற்கூழ் முழுவதும் அழுகினாலும் வேர்நுனிக்குக் கீழே இருக்கும் இந்தச் சிறு திசு பல நேரங்களில் பிழைத்துக் கிடக்கிறது.

எட்டு வயதுப் பிள்ளையின் முன்பல்

இப்போது அந்தப் பிள்ளையிடம் வருவோம். மேல் முன்பல் ஏழு, எட்டு வயதில் முளைக்கிறது. ஆனால் முளைத்த அன்றே பல் முழுமை அடைந்துவிடுவதில்லை. வெளியே தெரியும் பகுதி பெரியவர்களுடையதாக இருக்கும். ஈறுக்குள் வேர் அரைகுறையாகத்தான் இருக்கும். வேர் வளர்ந்து, அதன் நுனி மூடிக்கொள்ள இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். பிள்ளைகள் ஓடி விழுவதும் இதே வயதில்தான்.

அடிபட்டு ரத்த ஓட்டம் அறுந்தால் பற்கூழ் சாகிறது. அதோடு வேரின் வளர்ச்சி நின்றுவிடுகிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் அந்த வேர் பப்பாளித் தண்டாக இருக்கும்: நடுவில் அகன்ற வெற்றிடம், சுற்றிலும் மெல்லிய சுவர், கீழே வாய் திறந்தபடி.

பெரியவர்களுக்குப் பற்கூழ் செத்தால் வேர் சிகிச்சை, அதாவது ரூட் கேனால் செய்கிறோம். செத்த சதையை எடுத்துவிட்டு, கால்வாயைச் சுத்தம் செய்து, கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் வகைப் பொருளால் அடைத்து, மேலே கேப் போடுகிறோம். முறையாகச் செய்தால் அந்தப் பல் பல ஆண்டுகள் உழைக்கும். அதைப் பற்றிப் பயப்படவே வேண்டாம். ஆனால் வாய் திறந்த பிள்ளைப் பல்லில் அடைப்பு நிற்க அடித்தளம் இல்லை. அதனால் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை மாதக்கணக்கில் மாற்றி மாற்றி வைத்து, நுனியில் ஒரு தடுப்பு உருவாகும்வரை காத்திருந்தோம். பிறகு எம்.டி.ஏ. என்ற சிமென்ட் வந்தது. கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபினெஜாத் 1990-களில் உருவாக்கியது; வீடு கட்டும் போர்ட்லாண்ட் சிமென்ட்டுதான் அதன் அடிப்படை. அதைக் கொண்டு நுனியை ஓரிரு வருகையிலேயே அடைத்துவிட முடிந்தது.

இரண்டிலும் ஒரு குறை மட்டும் அப்படியே நின்றது. ஓட்டை அடைபட்டதே தவிர, வேர் வளரவில்லை; சுவர் தடிக்கவில்லை. அந்த மெல்லிய வேர் பிற்பாடு ஒரு சின்ன அடியில், சில சமயம் எதையோ கடிக்கும்போதே, கழுத்துப் பகுதியில் முறிந்துவிடும். அப்போது பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது இருக்கலாம். தாடை வளர்ந்து முடியாததால் இம்பிளான்ட் வைக்கவும் முடியாது. கழற்றி மாட்டும் பல்லோடு பள்ளிக்குப் போகும் பிள்ளை சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இது பல்லோடு நிற்கும் துன்பம் அல்ல என்று.

ரத்தத்தை வரவழைக்கும் சிகிச்சை

நார்வே நாட்டின் நைகார்ட்-ஓஸ்ட்பி 1961-ஆம் ஆண்டிலேயே ஒரு யோசனையைச் சோதித்தார். சுத்தம் செய்த வேர்க்கால்வாய்க்குள் ரத்தத்தை வரவிட்டு உறைய வைத்தால் அதற்குள் புதுத் திசு வளருமா என்று பார்த்தார். ஓரளவு வளர்ந்தது. ஆனால் கிருமியை முழுவதும் ஒழிக்க வழி தெரியாத காலம் என்பதால் அந்த வழி அப்படியே நின்றது. 2001-இல் ஜப்பானில் இவாயாவும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு சிறுமியின் கீழ்ச் சிறுகடைவாய்ப்பல்லைப் பற்றி எழுதினார்கள். சீழ் பிடித்து, ஈறில் துளை விழுந்திருந்த பல் அது. கிருமிநாசினியாலும் ஆன்டிபயாடிக்காலும் சுத்தம் செய்ததும் அந்த வேர் மறுபடி வளர்ந்து தடித்தது. 2004-இல் பாங்க்ஸ், ட்ரோப் என்ற இரு மருத்துவர்கள் இதைப் படிப்படியான சிகிச்சை முறையாகவே எழுதி வைத்தார்கள். செத்த பல் என்று கைகழுவப்பட்ட பல்லில் வேர் வளர்ந்ததை எக்ஸ்ரேயில் பார்த்த பல் மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

அந்தச் சிகிச்சை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். இரண்டு வருகை. முதல் வருகையில் பல்லில் துளையிட்டு, கால்வாயை மருந்து நீரால் மெதுவாகக் கழுவுகிறோம். கம்பியால் சுரண்டுவதில்லை, ஏற்கெனவே மெல்லிய சுவர் இன்னும் மெலிந்துவிடும். பிறகு கால்சியம் ஹைட்ராக்சைடையோ ஆன்டிபயாடிக் பசையையோ வைத்து மூடி, சில வாரம் கழித்து வரச் சொல்கிறோம்.

வலியும் வீக்கமும் அடங்கிய பிறகு இரண்டாம் வருகை. இப்போது போடும் மரப்பு ஊசியில் அட்ரினலின் சேர்க்கக் கூடாது. அது ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும். நமக்கு ரத்தம் வர வேண்டும். உள்ளே வைத்த மருந்தைக் கழுவி எடுத்துவிட்டு, ஒரு மெல்லிய கம்பியை வேர்நுனியைத் தாண்டி இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு நுழைத்து, அங்கிருக்கும் திசுவை லேசாகக் கீறுகிறோம். கால்வாயின் அடியிலிருந்து சிவப்பாக ரத்தம் ஊறி மேலே ஏறி வருகிறது. ஈறு மட்டத்துக்கு வந்ததும் அப்படியே விட்டு, உறையக் காத்திருக்கிறோம். உறைந்ததும் அதன்மேல் எம்.டி.ஏ. அல்லது அது போன்ற சிமென்ட். அதற்கு மேல் பல் நிற அடைப்பு. அவ்வளவுதான். மற்ற எந்தச் சிகிச்சையிலும் ரத்தம் வந்தால் நிறுத்தப் பார்க்கும் நாங்கள், இதில் அதை வரவேற்கிறோம்.

அந்த ரத்தத்தில் என்ன வந்தது? டெக்சாஸின் சான் அன்டோனியோ ஆய்வாளர்கள் 2011-இல் இதைச் சோதித்தார்கள். கால்வாய்க்குள் ஏறிய ரத்தத்தையும், அதே நோயாளியின் உடம்பில் ஓடும் ரத்தத்தையும் ஒப்பிட்டபோது, கால்வாய் ரத்தத்தில் ஸ்டெம் செல்லின் அடையாளங்கள் பல நூறு மடங்கு கூடியிருந்தன. கீறிய இடத்திலிருந்து ஸ்டெம் செல்களும் சேர்ந்தே உள்ளே வந்திருக்கின்றன. ஆய்வுக்கூடமும் இல்லை, செல் வங்கியும் இல்லை. அந்தப் பிள்ளையின் வேர்நுனியிலேயே இருந்த செல்கள் அவை.

இதை அறிந்த பிறகு எங்கள் தொழிலின் பழக்கங்கள் சில மாறின. கிருமியைக் கொல்வது ஒன்றே குறி என்றிருந்த காலத்தில் கால்வாயைக் கழுவ ஹைப்போகுளோரைட் கரைசலை 5 சதவீதத்துக்கு மேல்கூடப் பயன்படுத்துவார்கள். அது கிருமியோடு ஸ்டெம் செல்லையும் கொல்லும். எனவே இந்தச் சிகிச்சைக்கு 1.5 சதவீதம் போதும் என்று அமெரிக்க வேர் சிகிச்சை மருத்துவர் சங்கம் பரிந்துரைத்தது. ஆன்டிபயாடிக் பசையும் அப்படித்தான். கெட்டியாகக் குழைத்து வைத்தால் செல்கள் சாகும் என்று தெரிந்ததும் அளவை வெகுவாகக் குறைத்தார்கள். அந்தப் பசையில் இருந்த மினோசைக்ளின் பல்லைக் கருக்கச் செய்ததால் முன்பற்களில் அதைத் தவிர்க்கிறோம். கடைசிக் கழுவலுக்கு 17 சதவீத ஈ.டி.டி.ஏ. கரைசலை எடுத்துக்கொள்கிறோம். பல் உருவான காலத்தில் டென்டினுக்குள் அடைபட்டுப்போன வளர்ச்சிப் புரதங்களை அது வெளியே கொண்டுவருகிறது. உள்ளே வரும் செல்லுக்கு அந்தப் புரதங்கள்தான் அழைப்பு. கொல்லக் கற்றுக்கொண்ட மருத்துவம், எதைக் கொல்லாமல் விட வேண்டும் என்றும் கற்றுக்கொண்ட கதை இது.

செல்லை வளர்த்து வைத்தவர்கள்

ரத்தக்கட்டிக்குள் வளர்வது உண்மையான பற்கூழ்தானா? பல நேரங்களில் இல்லை. விலங்குகளில் செய்த சோதனைகளில், கால்வாய்க்குள், வேரை மூடியிருக்கும் வேர்ச்சாந்தையும் எலும்பையும் ஒத்த திசுக்களே அதிகம் காணப்பட்டன. வேர் தடிக்கிறது, நோய் ஆறுகிறது, பல் நிற்கிறது. ஆனாலும் ஓடன்டோபிளாஸ்ட் வரிசையும் கூச்ச உணர்வும் கொண்ட பழைய பற்கூழ் எப்போதும் திரும்புவதில்லை. அதனால் சிலர் அடுத்த படிக்குப் போனார்கள். ஸ்டெம் செல்லை வெளியே வளர்த்து, நேரே பல்லுக்குள் வைத்துப் பார்த்தார்கள்.

ஜப்பானின் ஓபு நகரில் உள்ள தேசிய முதியோர் மருத்துவ மையத்தில் மிசாகோ நாகாஷிமாவின் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வு அதில் ஒன்று. 5 நோயாளிகள், எல்லோரும் பெரியவர்கள். அவர்களுடைய வேண்டாத பல்லிலிருந்தே எடுத்து வளர்த்த செல்களைக் கொலாஜனோடு கலந்து, பற்கூழ் எடுக்கப்பட்ட பல்லுக்குள் வைத்தார்கள். மெல்லிய மின்சாரம் செலுத்திப் பல் உணர்கிறதா என்று பார்க்கும் சோதனையில் 4 பேருக்கு உணர்வு திரும்பியிருந்தது. 3 பேருக்கு ஸ்கேனில் புது டென்டின் தெரிந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு, 2018-இல், சீனாவின் சியான் நகரத்திலிருந்து இன்னும் பெரிய ஆய்வு வந்தது. யான் ஜின், சொங்தாவோ ஷி ஆகியோர் நடத்தியது. ஆம், பால் பல்லில் செல்லைக் கண்ட அதே ஷி. அடிபட்டு முன்பல் செத்துப்போன 40 சிறுவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். 30 பேருக்கு அவரவர் பால் பல்லிலிருந்து வளர்த்த செல்களை வைத்தார்கள். 10 பேருக்கு நுனியை மூடும் பழைய சிகிச்சை. இடையில் மீண்டும் விழுந்து பல்லில் அடிபட்ட சிலரைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டியிருந்தது, பிள்ளைகள் அல்லவா. பன்னிரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, செல் வைத்த பற்களில் வேர் நீண்டிருந்தது, நுனி குறுகியிருந்தது, ரத்த ஓட்டமும் உணர்வும் திரும்பியிருந்தன. பழைய சிகிச்சையில் இவை நிகழவில்லை. மறுபடி அடிபட்டுப் பிடுங்க நேர்ந்த ஒரு பல்லை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ரத்தக் குழாய், இணைப்புத் திசு, ஓரத்தில் ஓடன்டோபிளாஸ்ட் வரிசை என்று உண்மையான பற்கூழ் அங்கே இருந்தது.

இந்த ஆய்வுகளை நான் மகிழ்ச்சியோடு சொல்கிறேன். கூடவே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஐந்து பேரையும் நாற்பது பேரையும் கொண்டு ஒரு சிகிச்சையை ஊர்தோறும் பரப்பிவிட முடியாது. செல்லைக் கிருமி புகாமல் வாரக்கணக்கில் வளர்க்கத் தனி ஆய்வுக்கூடம் வேண்டும். அந்தச் செலவை ஒரு பல்லுக்காகத் தாங்கக்கூடிய குடும்பங்கள் குறைவு. பெரியவர்களின் வேர்நுனித் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்த வழியாக ரத்தக் குழாய் உள்ளே வளர்ந்து புதுத் திசுவுக்குச் சோறு போட்டாக வேண்டும். இவை எல்லாம் இன்னும் தீர வேண்டிய சிக்கல்கள்.

ஈறு நோய்க்கும் இதே வழி உதவுமா என்று கேட்கலாம். பல்லைப் பிணைக்கும் நார்த்திசுவின் ஸ்டெம் செல்லைக் கொண்டு சியானிலேயே 30 நோயாளிகளிடம் சோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். பாதுகாப்பாக இருந்தது, ஆனால் செல் வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் எலும்பு வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வெற்றி பெறாததையும் மறைக்காமல் வெளியிட்டார்களே, அதனால்தான் அவர்கள் வெற்றி என்று சொல்வதையும் நம்ப முடிகிறது.

முழுப் பல் எப்போது?

ஒரு முழுப் பல் உருவாக இரண்டு வகைச் செல்கள் ஒன்றோடொன்று பேச வேண்டும். எனாமலைத் தருவது வாயின் மேல்தோல் செல். மற்றதை எல்லாம் தருவது அடியில் இருக்கும் இடைத்திசுச் செல். ஜப்பானின் தகாஷி சுஜி குழு, எலிக் கருவிலிருந்து இவ்விரண்டையும் எடுத்து ஒட்டி வளர்த்து, வளர்ந்த எலியின் தாடையில் நட்டது. பல் முளைத்தது, எதிர்ப்பல்லோடு கடித்தது, வலியையும் உணர்ந்தது. 2009-இல் வெளியான அந்த ஆய்வு கொள்கை அளவில் முழுப் பல் முடியும் என்று காட்டிவிட்டது. ஆனால் மனிதக் கருவிலிருந்து செல் எடுக்க முடியாது. பெரியவர்களின் வாயிலோ எனாமலைத் தரும் செல் மிச்சமில்லை. அங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கிறோம்.

'பல் முளைக்கும் மருந்து' என்று நீங்கள் அண்மையில் படித்தது வேறு வழி. கியோட்டோவின் கத்சு தகாஹாஷி குழு, பல் வளர்ச்சிக்குத் தடை போடும் யு.எஸ்.ஏ.ஜி.-1 என்ற புரதத்தை முடக்கும் எதிர்ப்புரதத்தை உருவாக்கியது. எலியிலும் ஃபெரெட் என்ற சிறு விலங்கிலும் கூடுதல் பல் முளைத்தது. 2024 இலையுதிர் காலத்தில் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில் மனிதச் சோதனையின் முதல் கட்டம் தொடங்கியது. 30 முதல் 64 வயது வரையுள்ள 30 ஆண்களிடம், மருந்து பாதுகாப்பானதா என்று மட்டும் பார்க்கும் கட்டம் அது. அந்தக் குழு முதலில் குறிவைப்பது பிறவியிலேயே பற்கள் இல்லாத பிள்ளைகளுக்கு உதவுவதைத்தான். அவர்கள் வெல்ல வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதை நம்பி இன்று யாரும் பல் துலக்குவதை விட்டுவிட வேண்டாம்.

பால் பல்லைச் சேமிக்க வேண்டுமா?

'உங்கள் குழந்தையின் பால் பல்லைப் பணம் கட்டிச் சேமித்து வையுங்கள், நாளை நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் மருந்தாகும்' என்ற விளம்பரங்களைப் பெற்றோர்கள் பார்த்திருப்பீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டு நெறிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. தொப்புள்கொடி ரத்தம் ஒன்றைத்தான் வங்கியில் சேமிக்க அனுமதி. பல் உள்ளிட்ட மற்றவற்றை வணிக நோக்கில் சேமிக்க அனுமதி இல்லை. ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையாகச் செய்வதைத் தவிர, பிற ஸ்டெம் செல் சிகிச்சைகள் எல்லாம் ஆய்வு நிலையில் உள்ளவை என்பதும் அந்த நெறிகளின் நிலைப்பாடு. ஆய்வு என்றால் முறையான அனுமதியோடு நடக்க வேண்டும். நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. ஸ்டெம் செல் ஊசி போட்டுப் பல்லை முளைக்க வைக்கிறேன் என்று யாராவது இன்று கட்டணம் கேட்டால், எழுந்து வந்துவிடுங்கள்.

இன்று நம் கையில் இருப்பது

அப்படியானால் இந்த அறிவியலால் நமக்கு இன்று கிடைப்பது என்ன? நிறையவே இருக்கிறது.

சொத்தைப் பல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசித் துளி சொத்தையையும் சுரண்டி எடுத்த பிறகே அடைக்க வேண்டும் என்றுதான் முன்பு படித்தோம். அதில் பற்கூழ் திறந்துகொண்டு, ரூட் கேனாலில் போய் முடியும். இன்று பற்கூழுக்கு மிக அருகில் இருக்கும் மெத்தென்ற டென்டினைக் கொஞ்சம் விட்டு, கசியாமல் நன்றாக அடைத்தாலே கீழே இருக்கும் செல்கள் சுவர் எழுப்பிக்கொள்கின்றன என்று தெரியும். பற்கூழ் திறந்துவிட்டாலும், கெட்ட பகுதியை மட்டும் நறுக்கிவிட்டு எம்.டி.ஏ. வைத்து மீதியை உயிரோடு காக்கப் பல இடங்களில் முடிகிறது. இதுவும் ஸ்டெம் செல் மருத்துவம்தான். பல்லின் சொந்தச் செல்லே வேலை செய்கிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பால் ஷார்ப் 2017-இல் எலிகளில் டைட்க்ளூசிப் என்ற மருந்தைக் கொலாஜன் பஞ்சில் நனைத்து வைத்து, இந்தச் சுவர் எழுப்புதலைத் தூண்டிக் காட்டினார். அவரும் நம்பியது பல்லுக்குள் ஏற்கெனவே இருக்கும் செல்லைத்தான். எனவே பல் கூசும்போதே, கூச்சம் வலியாகி இரவுத் தூக்கம் கெடும்வரை காத்திராமல், வாருங்கள். உயிருள்ள பற்கூழ் இருக்கும்வரை எங்களுக்கு வழிகள் அதிகம்.

ஆசிரியர்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். விளையாட்டுத் திடலில் ஒரு பிள்ளையின் நிலைப்பல் வேரோடு கழன்று விழுந்தால், முதல் சில நிமிடங்களில் மருத்துவர் நீங்கள்தான். பல்லை வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள்; வேரைத் தொடாதீர்கள், துடைக்காதீர்கள். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சலைனிலோ ஒரு அலசு. முடிந்தால் அங்கேயே அதே குழியில் திருப்பிப் பொருத்தி, துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஒரு டம்ளர் பாலில் போட்டு, பிள்ளையோடு பல்லையும் உடனே பல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். தண்ணீரில் ஊறப்போட வேண்டாம். காய்ந்த காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தால், வேரை ஒட்டியிருக்கும் செல்கள் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் செத்துவிடும். பால் பல் விழுந்தால் மட்டும் திரும்ப வைக்கக் கூடாது. அடியில் வளரும் நிலைப்பல்லுக்குக் கேடு. உடைந்த துண்டு கிடைத்தாலும் எடுத்து வாருங்கள், ஒட்ட முடியும். பல் அசையாமல் இருந்தாலும், நிறம் மாறாவிட்டாலும், அடிபட்ட பிள்ளையைச் சில வாரம் கழித்து மறுபடி காட்டுங்கள். பற்கூழ் சாவது பெரும்பாலும் சத்தமில்லாமல்தான்.

இதை ஒவ்வொரு பள்ளியின் முதலுதவிப் பெட்டி மூடியிலும் ஐந்து வரியாக எழுதி ஒட்டலாம். அரசு உடற்கல்வி ஆசிரியர்களுக்கு நடத்தும் பயிற்சியில் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்கலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை, வாய் நோய்களால் அவதிப்படுவோர் ஏறக்குறைய 350 கோடி என்கிறது. இந்த எண்ணிக்கையின் முன்னால் ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் செல் மட்டும் போதாது. விழுந்த பல்லைப் பாலில் போடத் தெரிந்த ஆசிரியரும், பல் கூசுகிறது என்று பிள்ளை சொன்னதும் கூட்டிவரும் பெற்றோரும், பற்கூழைக் காக்க நேரம் ஒதுக்கும் மருத்துவரும் வேண்டும். அந்த மூவரும் சேர்ந்து ஒரு பல்லைச் சரியான நேரத்தில் காப்பாற்றினால், அதற்குள் இருக்கும் ஸ்டெம் செல்கள் மீதி வேலையைச் செய்ய வாய்ப்புக் கிடைக்கும். நாற்பது வயதில் அந்தப் பிள்ளை தன் சொந்தப் பல்லில் கடித்துச் சாப்பிடட்டும். அதற்காக இன்று நாம் செய்ய வேண்டியவற்றைச் சொல்லத்தான் வந்தேன்.